பெரியதனத்தின் மஞ்சள் துண்டு

ஒரு ஊரில், பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் கம்பெடுத்துக்கொண்டு வருவார்கள், அதனால் வெறுமனே ஒரு ஊரில் என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஒரு அம்மன் குடியிருந்தாள். கோபுரம் கிடையாது, தேர் கிடையாது. ஒரு வேப்பமரம், மரத்தடியில் ஒரு மேடை, மேடையில் மஞ்சள் பூசிய ஒரு கல், அதற்கு மேலே ஓலைக்கூரை. அவ்வளவுதான் கோயில். ஆனால் அந்த ஊர்ச் சனங்களுக்கு அவளை விட்டால் வேறு கதி இல்லை. காய்ச்சல் வந்தால் அவளிடம் ஓடினார்கள், கண்மாய் வற்றினால் அவளிடம் ஓடினார்கள், மாடு காணாமல் போனாலும் அவளிடம்தான் ஓடினார்கள். மாட்டைத் தேடிப் போவதற்கு முன்னால் ஓடினார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள் பிள்ளைகளா, பின்னால் வேண்டியிருக்கும்.

அந்த அம்மனுக்கு வருஷத்துக்கு ஒரு முறை முளைப்பாரித் திருவிழா. முளைப்பாரி என்றால் என்னவென்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பிடி விதை வரும். மொச்சையோ, தட்டைப்பயறோ, காணமோ, அந்த வீட்டில் விதைப்புக்கென்று எடுத்துவைத்தது எதுவோ அது. மண்சட்டியில் அடியில் வைக்கோல் பரப்பி, அதன் மேல் எரு, அதன் மேல் கரம்பை மண் போட்டு, அந்த விதையைத் தூவி, வெயிலே படாத ஒரு இருட்டு வீட்டில் வரிசையாக அடுக்கிவைப்பார்கள். இருட்டில் முளைத்த பயிர் வெளிச்சத்தைத் தேடித் தேடி நெடுநெடுவென்று வளரும். பச்சை பிடிக்காது. வெளுத்த மஞ்சளாக, கைக்குழந்தையின் விரல் மாதிரி இருக்கும். சாயங்காலமானால் பெண்கள் எல்லாரும் அந்த வீட்டு முற்றத்தில் கூடிக் கும்மி கொட்டுவார்கள். கிழவி முதல் குமரி வரை கைதட்டுகிற சத்தம் கண்மாய்க்கரை தாண்டிக் கேட்கும். அந்தச் சத்தத்தில்தான் பயிர் வளருகிறது என்று நம்பினார்கள். எவன் மறுத்தாலும் மறுக்கட்டும், அந்தச் சத்தத்தைக் கேட்டால் கல்லும் ஒரு விரற்கடை வளரும். இப்போது பிளாஸ்டிக் வாளியில் வளர்க்கிறார்கள். ஒலிபெருக்கியில் கும்மி போடுகிறார்கள். முளைவிட்ட மறுநாளே செல்போனில் படம் எடுத்து நாலு ஊருக்கு அனுப்புகிறார்கள்.

அப்போது அப்படி இல்லை. முளைவீட்டுக்குள் போக ஒருத்திக்குத்தான் உரிமை. அந்த ஒருத்தி யார் என்பதை ஊர் தீர்மானிக்காது, அம்மன்தான் தீர்மானிப்பாள். வேப்பிலையில் மடித்த பூப்பொட்டலங்களை மேடையில் பரப்புவார்கள். எல்லாவற்றிலும் சிவப்பு அரளி, ஒன்றில் மட்டும் வெள்ளை. பெண்கள் ஆளுக்கு ஒன்று எடுப்பார்கள். வெள்ளை யாருக்கு வந்ததோ அவள்தான் உள்ளே போய்த் தண்ணீர் தெளிக்க வேண்டும். மற்ற யாரும் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. பார்த்தால் பயிருக்கு ஆகாது, பார்த்தவளுக்கும் ஆகாது.

அந்த வருஷம் வெள்ளைப் பூ குருவம்மாவுக்கு வந்தது.

குருவம்மா அந்த ஊரில் பிறந்தவள் இல்லை, வாழ வந்தவள். அவள் புருஷன் ஆட்டுக்கிடை போடுகிறவன். மந்தையை ஓட்டிக்கொண்டு வடக்கே போனால் அறுப்பு முடிந்துதான் வருவான். கையில் ஒரு பெண் குழந்தை. கிணற்றடியில் எல்லாரும் இறைத்த பிறகுதான் அவள் வாளி இறங்கும். யாரும் அவளைத் திட்டியதில்லை. யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. "கிடைக்காரன் பொண்டாட்டி" என்பார்கள், அத்தோடு சரி. வெள்ளைப் பூ வந்த அன்றைக்கு அவள் கிணற்றடிக்குப் போனாள், அப்போது பெண்கள் விலகி வழிவிட்டார்கள். "நீ மொதல்ல எறைச்சுக்க குருவம்மா" என்றார்கள். அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் அழுதுகொண்டே போனாள். சிரித்துக்கொண்டும் போனாள். ஒரு ஊரில் நமக்கு ஒரு பெயர் கிடைப்பது என்பது சின்ன விஷயம் இல்லை.

பயிர் முளைவிட்டு எழும்பியதும் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டிவிட்டால் அந்த ஊரில் மீன் கிடையாது, கறி கிடையாது, தாளிப்புக்கூடக் கிடையாது. வீட்டிலிருக்கிற கருவாட்டுப் பானையை எல்லைக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிட வேண்டும். கொட்டுகிறார்களா என்று நின்று பார்க்கிற வேலை பெரியதனத்துடையது. கோயிலுக்குத் தலைவராக இருக்கிறவரைப் பெரியதனம் என்பார்கள். அவர் பெயர் வீரணன். நல்ல ஆகிருதி, நல்ல மீசை, நல்ல குரல். காப்பு அன்று கோயிலில் அவருக்கு ஒரு மஞ்சள் துண்டு போர்த்துவார்கள். காப்பு அவிழ்க்கிற வரைக்கும் அந்தத் துண்டு தோளை விட்டு இறங்கக் கூடாது, தண்ணீரில் நனையவும் கூடாது. அம்மனே தோளில் கை போட்டுக்கொண்டு கூட வருகிறாள் என்று கணக்கு.

வீரணன் எல்லையில் நின்று, "கொட்டு, கொட்டு, ஒரு முள்ளுகூட ஊருக்குள்ள இருக்கக் கூடாது" என்று அதட்டினார். எல்லாரும் கொட்டிவிட்டுப் போனார்கள். கடைசியாக அவர் வீட்டுப் பானை மட்டும் இருந்தது. அதைக் கொட்டும்போது பார்த்தால், உள்ளே ஒரு பெரிய துண்டம் சீலாக் கருவாடு. அவருக்கு உயிர். "அடடா, இதையுமா" என்று மனசு அடித்துக்கொண்டது. இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், மேலே பார்த்தார். ஒருத்தரும் இல்லை. மேலே இருந்தவளைப் பற்றி அப்போது நினைப்பு வரவில்லை. துண்டத்தை எடுத்தார், கையில் வைத்துக்கொள்ள இடமில்லாமல், தோளில் இருந்த மஞ்சள் துண்டின் முனையில் முடிந்துகொண்டார்.

பார்த்தீர்களா, ஒருத்தர் பார்த்துவிட்டார். ஆள் இல்லை. காது கிழிந்த ஒரு செவலைப் பூனை. அது கருவேலம் புதரிலிருந்து வெளியே வந்து, வாலைத் தூக்கிக்கொண்டு பெரியதனத்தின் பின்னால் நடந்தது.

வீரணன் வாடை தெரியாமல் இருக்கட்டும் என்று கோயில் சந்தனத்தை எடுத்து நெஞ்செல்லாம் அப்பிக்கொண்டார். துண்டிலும் தடவிக்கொண்டார். பனங்காட்டுக்குள் போய்ச் சுட்டுத் தின்றுவிடலாம் என்று முளைவீட்டு வழியாக நடந்தார். எதிரே ஒச்சம்மா, அவருக்கு ஒன்றுவிட்ட அக்காள் மகள், தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். சந்தனமும் சீலாக் கருவாடும் சேர்ந்தால் என்ன வாடை வரும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். ஊரில் அன்றைக்குக் காலையிலிருந்தே தாளிப்பு வேறு கிடையாது. மூக்கு நன்றாகத் தீட்டிவைத்த மாதிரி இருக்கும். ஒச்சம்மா முகத்தைச் சுளித்தாள்.

"என்ன மாமா இது, ஒரு மாதிரி வாடை அடிக்குது?"

கருவாடு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. காப்புக் கட்டிய ஊரில், பெரியதனத்தின் தோளில், அம்மனின் துண்டில் கருவாடு இருக்கும் என்று எந்த மூக்கு நினைக்கும்?

வீரணன் துண்டின் முனையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பக்கத்தில் இருந்தது முளைவீடு. கையை அந்தப் பக்கம் காட்டினார்.

"அங்கிட்டிருந்து வருதோ என்னமோ" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார் பிள்ளைகளா. முழுப்பொய்கூட இல்லை. ஒரு "என்னமோ" போட்டுத்தான் சொன்னார். சொல்லிவிட்டு வேகமாக நடந்துபோய், பனங்காட்டில் சுட்டுத் தின்று, முள்ளைப் பூனைக்குப் போட்டுவிட்டு, கையை மண்ணில் தேய்த்துக்கொண்டு வந்துவிட்டார். அவர் அதை அத்தோடு மறந்தார்.

ஒச்சம்மா மறக்கவில்லை. அவள் மாயக்கா வீட்டுக்குப் போனாள். மாயக்கா கோயிலுக்குப் பூக்கட்டுகிறவள். மூன்று வருஷமாகத் தனக்கு வெள்ளைப் பூ வரும் என்று எதிர்பார்த்தவள்.

"அடியே மாயக்கா, முளைவீட்லேருந்து நாத்தம் வருதுடி."

"யாரு சொன்னா?"

"யாரு சொன்னான்னு கேக்காத. பெரிய எடம். நானும் மோந்து பார்த்தேன்ல."

"நாத்தம்னா?"

"அழுகின நாத்தம்."

மாயக்கா வாயில் கடித்திருந்த நாரை எடுத்து மாலையை முடிந்தாள். அப்புறம் மாலையை எடுத்துக்கொண்டு பூசாரியிடம் போனாள்.

"சாமி, முளைப்பாரி எல்லாம் அழுகிப்போச்சாம். கருகருன்னு ஆயிப்போச்சாம்."

"நீ பார்த்தியா?" என்று பூசாரி கேட்டிருக்கலாம். நல்ல மனுஷன், வயசானவர், வாயில் கெட்ட வார்த்தை வராதவர். ஆனால் கேட்கவில்லை. ஏன் தெரியுமா? அங்கேதான் யாரும் பார்க்கக் கூடாதே. பார்த்தாயா என்று கேட்பதே பாவம் என்று அவர் நினைத்தார். பார்க்கக் கூடாத ஒன்றைப் பற்றி யார் எது சொன்னாலும் நம்பித்தானே ஆக வேண்டும்? அந்த ஊர்ச் சனங்கள் செய்த தப்பு அதுதான். அவர்கள் அதைப் பக்தி என்று நினைத்தார்கள்.

பூசாரி யோசித்தார். முளைப்பாரி சும்மா அழுகாதே. தீட்டு இருந்தால்தானே அழுகும். அவர் பெரியதனம் வீட்டுக்குப் போனார். வாசலில் அந்தச் செவலைப் பூனை உட்கார்ந்திருந்தது. அதைத் தாண்டி உள்ளே போய்ச் சொன்னார்.

"வீரணா, குடி கெட்டுது. அந்தக் கிடைக்காரன் பொண்டாட்டி காப்புக் கட்டின ஊர்ல கருவாடு சுட்டுத் தின்னுட்டு முளைவீட்டுக்குள்ள போயிருக்கா. பயிரெல்லாம் அழுகிப்போச்சு. ஆத்தா எறங்கிப் போயிட்டா."

வீரணன் என்ன செய்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? திடுக்கிட்டு, அடடா, இது நான் போட்ட விதையல்லவா என்று நினைத்திருப்பாரா? நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். இல்லை. அவருக்குப் பெரிய நிம்மதி. தொண்டையில் மாட்டிய முள் இறங்கிய மாதிரி இருந்தது. கருவாடு தின்றவள் இன்னொருத்தி! ஊரே சொல்கிறது! தான் சொன்ன ஒரு "என்னமோ" மூன்று வாய் மாறி, சோறு தின்று கொழுத்து, மீசை வைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது அவருக்கே அடையாளம் தெரியவில்லை. அவரே நம்பினார். நிஜமான கோபத்தோடு எழுந்தார். நிஜமான கண்ணீர்கூட வந்ததாம்.

"வாங்கய்யா போவோம்!" என்று பூட்டை எடுத்துக்கொண்டு முளைவீட்டுக்குப் போனார்.

குருவம்மா அப்போது தண்ணீர்ச் செம்போடு வாசலில் நின்றாள். குழந்தை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது.

"உள்ள போகாத" என்றார் வீரணன்.

"என்னங்கய்யா?"

"என்னன்னு உனக்குத் தெரியும்."

"தெரியலைங்களே."

"ஊருக்கே தெரியுது, உனக்குத் தெரியலையா?"

பூட்டினார். சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார். வெள்ளிக்கிழமை கூட்டம், அதில் முடிவு என்றார். முடிவு என்ன என்று ஊருக்கு அப்போதே தெரியும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்ட வேண்டும். அவள் புருஷன் அறுப்பு முடிந்து வரும்போது வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள்.

குருவம்மாவுக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு. "ஐயா, என்னை விடாட்டிப் போங்க. வேற யாராச்சும் தண்ணி தெளிங்க. பயிரு தாங்காதுங்கய்யா" என்று பின்னாலேயே ஓடினாள். வேறு யாரும் போகக் கூடாதே! வெள்ளைப் பூ வந்தவள்தானே போகலாம். அவளும் போகக் கூடாது, மற்றவர்களும் போகக் கூடாது. ஒச்சம்மா வீட்டுக்குப் போய்க் கெஞ்சினாள், "எனக்கெதுக்குடி வம்பு" என்று அவள் கதவைச் சாத்தினாள். மாயக்கா வீட்டுக்குப் போய்க் கெஞ்சினாள், "அழுகினதுக்கு என்ன தண்ணி" என்று அவளும் கதவைச் சாத்தினாள். பூசாரி வீட்டுக்குப் போய்க் கெஞ்சினாள். அவர் கதவைச் சாத்தவில்லை, கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் கிணற்றடிக்குப் போனாள். பெண்கள் விலகினார்கள். இந்தத் தடவை வேறு மாதிரி விலகினார்கள். முற்றத்தில் கும்மிச் சத்தம் நின்றுபோனது. அந்த ஊர் சரித்திரத்தில் முளைப்பாரிச் சமயத்தில் கும்மி கேட்காத சாயங்காலங்கள் அவைதான். குருவம்மா மட்டும் பூட்டிய கதவுக்கு வெளியே உட்கார்ந்து, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, ஒற்றை ஆளாகக் கைதட்டினாள். தண்ணீர்தான் இல்லை, சத்தமாவது போகட்டும் என்று தட்டினாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. வேப்பமரத்தடியில் ஊர் கூடியது. வீரணன் மேடைப் படியில், சந்தனமும் மஞ்சள் துண்டுமாக உட்கார்ந்திருந்தார். குருவம்மா எதிரே நின்றாள்.

"என்ன சொல்ற?"

"நான் ஒண்ணுதாங்க கேக்கறேன். கருவாடு தின்னேன்னு சொல்றாங்க. பார்த்தவங்க யாரு? பயிரு அழுகிப்போச்சுன்னு சொல்றாங்க. பார்த்தவங்க யாரு? ஆத்தா எறங்கிப் போயிட்டான்னு சொல்றாங்க. பார்த்தவங்க யாரு? ஒருத்தரு வரட்டும். ஆத்தா முன்னால சூடத்தை அடிச்சு, நான் பார்த்தேன்னு சொல்லட்டும். நான் பேசாமப் போயிடறேன்."

கூட்டத்தில் சலசலப்பு. "கேக்கறது நியாயந்தான்" என்றது ஒரு குரல். "வாழ வந்தவளுக்கு வாயைப் பாரு" என்றது இன்னொன்று.

வீரணனுக்குப் பயமே இல்லை. அவர்தான் நம்பிவிட்டாரே. குரலை உயர்த்தினார். "கொண்டையா! இங்க வாடா!"

கொண்டையன் கோயில் தண்டல்காரன். கூட்டம் என்றால் வீடுவீடாகப் போய் ஆளைக் கூப்பிடுகிற வேலை. ஊரில் அவனை மண்டு என்பார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வான், கூடவும் செய்ய மாட்டான், குறையவும் செய்ய மாட்டான். ஒரு தடவை "அந்த ஆட்டைக் கட்டிப் போடுடா" என்று சொல்லிவிட்டு அவிழ்க்கச் சொல்ல மறந்துவிட்டார்கள். ஆடு அங்கேயே குட்டி போட்டது.

"இந்தப் பேச்சை மொதமொதல்ல சொன்னது யாரோ, அந்த ஆளைக் கொண்டுவந்து இங்க நிறுத்து. அந்த ஆளு சூடத்தை அடிச்சுச் சத்தியம் பண்ணினா இவ ஊரை விட்டுப் போகணும். சொன்னது பொய்யின்னு ஆச்சுன்னா, அது யாரா இருந்தாலும் சரி, சொன்ன வாயைத் துண்டால கட்டிக்கிட்டு முளைப்பாரிக்கு முன்னால கண்மாய் வரைக்கும் நடக்கணும். இனிமே கோயில்ல அந்த ஆளுக்குப் பேச்சு கிடையாது, மரியாதை கிடையாது. இது ஆத்தா மேல ஆணை!"

"சரிங்கய்யா" என்றான் கொண்டையன். "உங்களுக்கு யாருங்கய்யா சொன்னது?"

"பூசாரி."

கொண்டையன் பூசாரியிடம் போனான். "சாமி, நீங்க பார்த்தீங்களா?"

"நான் எங்கப்பா பார்த்தேன். மாயக்கா சொன்னா."

"கருவாடு தின்னதையுமா?"

பூசாரி இருமினார். "அது... அழுகியிருந்தா தீட்டாத்தானே இருக்கணும்னு..."

கொண்டையன் மாயக்காவிடம் போனான். "அக்கா, நீ பார்த்தியா?"

"நான் எங்கடா பார்த்தேன். நாத்தம்னு ஒச்சம்மா சொன்னா."

"கருகருன்னு ஆச்சுன்னியே?"

"அழுகினா கருக்காதா?"

கொண்டையன் ஒச்சம்மாவிடம் போனான். "தாயி, நீ பார்த்தியா?"

ஒச்சம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லு ஒச்சம்மா!" என்று மேடையிலிருந்து வீரணன் அதட்டினார். "உன்கிட்ட எவன் சொன்னான்? எவளா இருந்தாலும் விடாத. சூடம் எரியுது பாரு!"

"வேணாம் மாமா."

"என்ன வேணாம்? சொல்லுங்கறேன்!"

"மாமா, வேணாம் மாமா."

"இப்ப சொல்றியா, உன்னையும் சேர்த்துத் தள்ளவா?"

ஒச்சம்மா அழுதுவிட்டாள். "நீங்கதான் மாமா! காப்புக் கட்டின அன்னைக்கு, முளைவீட்டுப் பக்கம், வாடை அடிக்குதேன்னு நான் கேட்டப்ப, அங்கிட்டிருந்து வருதோ என்னமோன்னு நீங்கதான் மாமா கையைக் காட்டினீங்க!"

கூட்டம் மொத்தமும் மேடைப் பக்கம் திரும்பியது.

கொண்டையன் நிதானமாக மேடைக்குப் போனான். வீரணனின் கையைப் பிடித்து எழுப்பினான். படியிறக்கிக் கூட்டி வந்து குருவம்மாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினான். அப்புறம் திரும்பிப் போய், காலியாக இருந்த படியைப் பார்த்துக் கும்பிட்டுச் சொன்னான்.

"ஐயா, சொன்ன ஆளைக் கொண்டுவந்து நிறுத்திட்டேனுங்க."

சிரிக்காதீர்கள். அன்றைக்கு அங்கே யாரும் சிரிக்கவில்லை.

"நான் வாடைன்னுதான் சொன்னேன்" என்றார் வீரணன். "அழுகிப்போச்சுன்னு சொல்லலை. அவ தின்னான்னு சொல்லலை. ஒரு வார்த்தைதான் சொன்னேன்."

"என்ன வாடைங்கய்யா?" என்றாள் குருவம்மா.

அதற்குப் பதில் சொன்னது வேறு ஆள். அந்தச் செவலைப் பூனை, கூட்டத்துக் கால்களுக்கு நடுவே நுழைந்து வந்து, எகிறி, பெரியதனத்தின் நெஞ்சில் நகத்தைப் பதித்து, நனையாத அந்த மஞ்சள் துண்டின் முனையைக் கவ்விக்கொண்டது. உதறினார், விடவில்லை. இழுத்தார், விடவில்லை. கொண்டையன் போய்த் துண்டை மோந்து பார்த்தான். பிறகு, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாத அந்த மனுஷன், முதல் தடவையாகத் தானாகவே வாயைத் திறந்தான்.

"சீலா" என்றான்.

ஊர் கொதித்தது. நேற்று வரைக்கும் குருவம்மா மேல் எறிய வைத்திருந்த அத்தனை வார்த்தையையும் திருப்பி வீரணன் மேல் எறிந்தார்கள். வாயைக் கட்டு என்றார்கள். மாயக்காதான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினாள். கூட்டம் அப்படித்தான். அதற்கு எறிய யாராவது வேண்டும்.

குருவம்மா கத்தவில்லை. கையை நீட்டினாள்.

"சாவி" என்றாள்.

வீரணன் அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்க்கத் தடுமாறினார். கொண்டையன் அறுத்துக் கொடுத்தான். அவள் ஓடினாள். கதவைத் திறந்தாள். உள்ளே இருட்டில் சட்டிகள் வரிசையாக இருந்தன. அழுகல் இல்லை. கருப்பு இல்லை. நாற்றம் இல்லை. ஈரமண் காய்ந்த வாசனை மட்டும். பயிரெல்லாம் முழங்கை உயரம் வளர்ந்து, தண்ணீரில்லாமல், கழுத்து ஒடிந்த மாதிரி சட்டிக்கு வெளியே தொங்கிக் கிடந்தது.

அதுதான் பிள்ளைகளா. பொய் என்று தெரிந்துவிட்டது. ஆனால் பொய் சும்மா இருக்கவில்லை. பூட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்து, தன்னைத்தானே பாதி உண்மையாக்கிவிட்டுத்தான் வெளியே போனது.

குருவம்மா செம்பு செம்பாகத் தண்ணீர் தெளித்தாள். வாசலில் ஒரு குடம் வந்தது. திரும்பிப் பார்த்தாள், ஒச்சம்மா. குடத்தை வைத்துவிட்டுப் போனாள். அப்புறம் இன்னொரு குடம், இன்னொரு குடம். சாயங்காலம் முற்றத்தில் யாரோ ஒருத்தி மெதுவாகக் கைதட்டினாள், அப்புறம் எல்லாரும் தட்டினார்கள். மறுநாள் காலையில் பாதிப் பயிர் எழுந்தது. பாதி எழவில்லை.

ஊர்வலம் கிளம்பியது. தலை நிமிர்ந்த பயிரும், தலை தொங்கிய பயிருமாகத் தூக்கிக்கொண்டு பெண்கள் கண்மாயில் கரைக்க நடந்தார்கள். தொங்கியதைத் தூக்க மாட்டேன் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. முன்னால் வீரணன், மஞ்சள் துண்டால் வாயைக் கட்டிக்கொண்டு நடந்தார். மூக்குக்குக் கீழே அந்த வாடை. பின்னால் பூனை. அதற்குப் பிறகு அவர் கோயில் படியில் உட்கார்ந்ததில்லை. கடைசி வரைக்கும் கருவாடு தின்றதும் இல்லை என்கிறார்கள்.

புருஷன் அறுப்பு முடிந்து வந்தான். குருவம்மா நடந்ததைச் சொன்னாளோ சொல்லவில்லையோ தெரியாது. அடுத்த தடவை மந்தை வடக்கே கிளம்பியபோது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளும் கூடவே நடந்தாள். "இருந்துட்டுப் போ குருவம்மா" என்று பெண்கள் எல்லைவரை வந்தார்கள். பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அவள் சிரித்தாள், நிற்கவில்லை.

அந்த ஊரில் இன்றைக்கும் பூப்போடும்போது அவளுக்கென்று ஒரு பொட்டலம் தனியாக எடுத்து அம்மன் காலடியில் வைக்கிறார்கள். யாரும் பிரிப்பதில்லை. அதற்குள் இருப்பது வெள்ளைப் பூதான் என்று ஊரே பேசிக்கொள்கிறது.

பார்த்தவர் யாரும் இல்லை.

பூனை முள்ளுக்குப் போச்சு, பயிரு கண்மாய்க்குப் போச்சு, கதை உங்க காதுக்குப் போச்சு. இவ்வளவு நேரம் கேட்டீர்களே, நீ பார்த்தாயா என்று ஒருத்தராவது என்னைக் கேட்டீர்களா? நாளைக்கு எழுந்ததும் முதலில் அதைக் கேளுங்கள். இப்போது தூங்குங்கள்.